ரிசர்வ் ஆன ஜெர்மனி

முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குப் படிக்கத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் நான்தான். பதினோரு வரி மின்னஞ்சல் ஒன்றை இருபது தடவை படித்து, இருபது தடவையும் தப்பாகப் புரிந்துகொண்டேன். (ஒரு தடவை தப்பாகப் படிப்பது யாருக்கும் நடக்கும். இருபது தடவையும் அதே தப்பைச் செய்ய உயர்கல்வி வேண்டும்.)

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் மண்ணியல் உதவிப் பேராசிரியர். பெயர் தேன்மொழி. நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது சேற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை வெளியே விடும். அதை எப்படிக் குறைக்கலாம் என்பது என் ஆராய்ச்சி. ஆனால் எங்கள் பக்கத்தில் மீத்தேன் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னால், எரிவாயு எடுக்க வயலில் குழாய் இறக்க வந்தவள் என்று நினைத்து அடுத்த நிமிஷமே கூட்டம் கூடிவிடும். அதனால் "காத்துப் புடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு நாலு ஏக்கர் நஞ்சை. வாய்க்காலை ஒட்டிய ஒரு மூலையை எனக்கென்று விட்டுக்கொடுத்திருந்தார். பயிருக்கு மேலே கண்ணாடிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் போவேன். யாராவது கேட்டால் மாமா கம்பீரமாகச் சொல்வார்: "அது மருமகளோட ஆபீஸு."

நான் பிடித்த காற்றை முழுசாகப் பரிசோதிக்கும் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் இருந்தது. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆறு மாதம் அங்கே போய் வேலை பார்க்க ஒரு பரிமாற்ற ஃபெல்லோஷிப் இருப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். நாலு வருஷ உழைப்பு அந்த ஒரு விண்ணப்பத்தில் இருந்தது. அது கிடைக்காவிட்டால் என் கட்டுரை பாதியில் நிற்கும், பதவி உயர்வும் அதன் பக்கத்திலேயே நிற்கும்.

பதில் வந்தபோது நானே நின்றுகொண்டுதான் இருந்தேன், தஞ்சாவூரிலிருந்து வரும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி. உங்கள் விண்ணப்பம் மிக உயர்ந்த மதிப்பீடு பெற்றிருக்கிறது. மகிழ்ச்சி. உங்களை ரிசர்வ் லிஸ்டில் இரண்டாம் எண்ணில் வைத்திருக்கிறோம். ஒரு 'பிளேஸ்' கிடைத்தால் உடனே தெரிவிப்போம். இவ்வளவுதான் விஷயம்.

உடனே கணவருக்கு போன் போட்டேன். செல்வம் ஒரத்தநாட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார்.

"ஏங்க, ஜெர்மனி ரிசர்வ் ஆயிடுச்சு!"

"கன்ஃபர்ம்தானா?"

"ரிசர்வ்னா கன்ஃபர்ம்தாங்க. பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் புடிக்கிறதில்லயா? நமக்குத் துண்டு போட்டு வெச்சிருக்காங்க. ரெண்டாம் நம்பரு. முன்னாடி சீட்டு!"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். கண்டக்டர் சில்லறையைத் திருப்பிக் கொடுக்கும்போது கைகூடக் கொடுத்தார்.

அந்த 'பிளேஸ்' விஷயத்தில்தான் என் அறிவு இன்னும் பிரகாசித்தது. தங்குவதற்கு இடம் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பாவம், நமக்காக வீடு வீடாக அலைகிறார்களே என்று மனம் இளகி அன்றைக்கே பதில் எழுதினேன்: "சின்ன இடமாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளவும் சம்மதம். மாடிப்படி ஏறுவதில் எனக்குச் சிரமம் இல்லை."

மறுநாள் பதில் வந்தது. "உங்கள் அனுசரிப்புக்கு மிக்க நன்றி." (ஒரு ஃபெல்லோஷிப்பை இன்னொருத்தருடன் பங்கு போட்டுக்கொண்டு மாடிப்படியும் ஏறத் தயாராக இருக்கும் பெண்மணியைப் பற்றி அந்த அலுவலகத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.)

அந்தப் பதிலை மாமாவிடம் காட்டினேன். "பாத்தீங்களா மாமா, எவ்வளவு மரியாதை!"

"நம்ம ஊர்ல ஒரு ஆபீஸ்லயாவது இப்படி நன்றி சொல்லுவானா?" என்று கேட்டுவிட்டு மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது என்னை நானே பார்த்தேன். பத்தடி உயரத்தில் இருந்தேன். கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். தும்மப் போகும் சமயத்தில் எடுத்த படம் அது. தலைக்கு மேலே விமானம், பின்னால் ஈபிள் கோபுரம். கீழே மஞ்சள் எழுத்தில்: "ஜெர்மனி மண்ணை ஆராயப் புறப்படும் எங்கள் வீட்டு மருமகளே, சென்று வருக, வென்று வருக!" ஓரத்தில் மாமா கைகூப்பி நின்றார், என்னைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"மாமா, அந்தக் கோபுரம் பாரீஸ்ல இருக்கு."

"இருக்கட்டும்மா. வெளிநாடுதானே."

ஃபிளெக்ஸ் வைத்த பிறகு விருந்து வைக்காமல் இருக்க முடியாது. குறுவை அறுவடை முடிந்து ஊரே கொஞ்சம் ஓய்வாக இருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, மதியம் கறிச்சோறு என்று சொல்லிவிட்டார் மாமா. தெருவே வந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற கோவிந்தராசு சார் ஒரு குரங்குக் குல்லா கொண்டுவந்தார். அடுத்த வீட்டுக் கமலா அக்கா இரண்டு கிலோ கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"துபாய்ல என் தம்பி இருக்கான்ல, போற வழியில அவன்கிட்ட குடுத்துடு தேனு."

"பிளேன் அங்க நிக்குமான்னு தெரியலக்கா."

"ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லும்மா. குடுத்துட்டு ஏறிக்க."

அப்போதுதான் இப்ராஹிம் பாய் வந்தார். இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு ஒரத்தநாட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், செல்வத்தின் கடைக்கு எதிர்க்கடைக்காரர். எனக்காக ஒரு பெரிய சூட்கேஸை உருட்டிக்கொண்டு வந்தார்.

"விசா எப்பம்மா அடிக்கிறாங்க?"

"இன்னும் பேப்பர் அனுப்பல பாய். தங்குறதுக்கு இடம் பாத்துட்டு இருக்காங்க."

பாய் சூட்கேஸை நிறுத்தினார். "விசாவுக்கு முந்தி ரூம் பாக்குறாங்களா? எங்க, அந்த லெட்டரக் காட்டு."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனைக் கையில் வாங்கினார். ஏஜென்ட் கொடுத்த கடிதங்களை எத்தனையோ பேருக்காகப் படித்துப் பழகிய கண். ஒரே ஒரு தடவைதான் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, சத்தம் போடாத. இது வெயிட்டிங் லிஸ்ட்."

"இல்ல பாய், ரிசர்வ்னு..."

"கிரிக்கெட்ல ஒருத்தன் ஆடாம வெளிய ஒக்காந்து மத்தவங்களுக்குத் தண்ணி கொண்டு போவான் பாரு, அவன்தான் ரிசர்வ். நீ ரெண்டாவது ஆளு. உனக்கு முன்னாடி தண்ணி தூக்க இன்னொருத்தர் இருக்காரு."

"அப்ப பிளேஸ்?"

"எவனாவது வராம போனா விழுற எடம்மா அது. ரூம் இல்ல."

இருபத்தோராவது தடவை படித்தேன். அதே பதினோரு வரி இப்போது தெளிவாக வேறு கதை சொன்னது. காதுக்குள் ரைஸ் மில் ஓடுவது மாதிரி இருந்தது. அதற்கு மேலே ஒலிபெருக்கியில் மாமாவின் குரல்: "காத்தப் புடிச்சே ஜெர்மனி வரைக்கும் போற எங்க வீட்டு மருமக, இப்ப உங்க முன்னாடி பேசுவாங்க!"

ஓடிப்போக முடியாது. பந்தலுக்கு ஒரே வாசல்தான், அதில் என் ஃபிளெக்ஸ் நின்றது. (அங்கேயும் ஒன்று வைத்திருந்தார்.) மாமா ஒரு கையில் பொன்னாடையோடும் மறு கையில் மைக்கோடும் காத்திருந்தார். நன்றி சொல்லி இறங்கிவிடலாம், பிறகு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கமலா அக்கா முதல் வரிசையில் இருந்துகொண்டு, துபாயில் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பொய் வரவில்லை.

"எல்லாரும் மன்னிச்சிடுங்க. எனக்கு இன்னும் இடம் கிடைக்கல. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன். நான்தான் லெட்டரத் தப்பாப் படிச்சிட்டேன்."

மைக் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கடைசி வரிசையிலிருந்து யாரோ பதற்றமாகக் கேட்டார்கள்: "அப்ப சாப்பாடு உண்டா இல்லியா?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மெல்லக் குனிந்து கேட்டார்: "எத்தனாவது நம்பரு?" மைக் அணைக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது.

"ரெண்டு மாமா."

"அவ்வளவுதானா?" மாமா நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார்: "வெயிட்டிங் லிஸ்ட் ரெண்டு! ரெண்டு பேரு கேன்சல் பண்ணா போதும். எல்லாரும் வேண்டிக்குங்க. இப்ப எலை போட்டாச்சு, சாப்பிடுங்க." பொன்னாடையை மடித்துப் பனியனுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் தெரு முழுக்க முகம் தெரியாத இரண்டு பேர் ஜெர்மனிக்குப் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டது. கமலா அக்கா வேளாங்கண்ணிக்குப் போனபோது எனக்காக மெழுகுவத்தி ஏற்றினார். "அந்த ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், ஆனா வீட்டுலயே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன் தேனு. பாவம் சேரக் கூடாதுல்ல."

அவர்கள் நன்றாக இருந்தார்கள். கிளம்பியும் போனார்கள். இடம் எதுவும் காலியாகவில்லை, ரிசர்வ் லிஸ்ட் முடிக்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அதை முதல் தடவையிலேயே சரியாகப் படித்தேன்.

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே அழுதேன். செல்வம் கடையைப் பூட்டிவிட்டு நேரே வயலுக்கு வந்தார். கையில் கிரீஸ் இருந்ததால் தோளைத் தொடாமல் முழங்கையால் இடித்தார்.

"அடுத்த வருசமும் போடு தேனு. லெட்டரு வந்தா மட்டும் பாய் படிக்கட்டும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. பஸ் ஸ்டாப் ஃபிளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. மழை பெய்தபோதெல்லாம் என் முகத்தில்தான் விழுந்தது.

அடுத்த வருஷமும் போட்டேன். கிடைத்தது. பாய் தன் கடைக் கல்லாவில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை படித்து, "இது கன்ஃபர்ம், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஆனால் வீட்டில் மாமா கடுமையாகச் சொல்லிவிட்டார்: "பிளேன் ஏறுற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது." ஃபிளெக்ஸ் கிடையாது, பந்தல் கிடையாது. விடியற்காலையில் ஒரு வாடகைக் காரில் திருச்சி விமான நிலையத்துக்குப் போனேன். ஊரில் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மாமா டீக்கடையில் சொன்னார்: "மருமக ஜெர்மனி போயிட்டா."

ஒருத்தரும் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு கிளம்பிய மருமகள் எங்கே போவாள் என்பது ஊருக்குத் தெரியாதா? "பாவம், புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்ட. பெரிய மனுசன் மானத்துக்குப் பயந்து மறுபடியும் ஜெர்மனிங்கிறாரு" என்று பேசிக்கொண்டார்கள். செல்வத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கமலா அக்கா தினமும் குழம்பு கொடுத்தனுப்பினார். அந்த ஆறு மாதத்தில் செல்வம் நாலு கிலோ எடை கூடினார். ஒருநாள் வீடியோ காலில் பனி விழுவதைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அக்கா செல்வத்திடம் மெதுவாகச் சொன்னாராம்: "பின்னாடி நல்லா படுதா மாட்டியிருக்கா."

கடைசியில் கோவிந்தராசு சார் தலைமையில் நாலு பேர் பட்டுக்கோட்டையில் என் அம்மா வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனார்கள். "தேனு ஜெர்மனியில இருக்குங்க" என்றார் அம்மா. "நீங்களும் அதையே சொல்றீங்களேம்மா" என்று வருத்தப்பட்டார் கோவிந்தராசு சார். பக்கத்தில் ஒரு அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, குடும்பம் என்றால் என்ன, அனுசரிப்பு என்றால் என்ன என்று அரைமணி நேரம் உரக்கப் பேசினார். உள்ளே எண்ணூறு தேங்காய் இருந்தது. அம்மா காபி கொடுத்து அனுப்பினார்.

ஆய்வை முடித்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது கமலா அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "நல்ல முடிவு எடுத்தே தேனு. பட்டுக்கோட்டத் தண்ணி உனக்கு நல்லா ஒத்துக்கிட்டு இருக்கு, எவ்வளவு கலரு!"

கட்டுரை வெளியானது, பதவி உயர்வும் வந்தது. ஆனால் ஊரின் கணக்கில் நான் ஆறு மாதம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தவள்தான். போன மாதம் பக்கத்துத் தெருவில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குள் சண்டை. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றது. கோவிந்தராசு சார் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன என்னைக் கைநீட்டிக் காட்டினார்.

"இந்தா போகுதே தேன்மொழி, ஆறு மாசம் அம்மா வீட்டுல இருந்த புள்ள. நான் நேர்ல போயிப் பேசினேன். பேசினதுக்கப்புறம்தானே திரும்பி வந்துச்சு? வேணும்னா அதையே கேளுங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெர்மனி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளிலிருந்து பையைப் பாதி இறக்கியிருந்தது.

"ஆமாங்க. சார் பேசினதுக்கப்புறம்தான் வந்தேன்" என்றேன். (ஆராய்ச்சி செய்கிறவள் பொய் சொல்லக் கூடாது. தேதிவாரியாகப் பார்த்தால் அது சரிதான்.)