போர்வைக்குள் போன ராசிச் சட்டை

"ஏம்மா, என் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தியா?"

பக்கத்து அறையிலிருந்து கணவரின் குரல் வந்தபோது, டீச்சர் அந்தச் சட்டையின் முதுகைத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முழு முதுகு அல்ல. அதை உள்ளங்கை அகலச் சதுரங்களாக வெட்டியாகிவிட்டது. அதில் ஒன்று போர்வையின் நட்டநடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மெஷின் நின்றது. "எந்தச் சட்டைங்க?"

"மேல் ஷெல்ஃப்ல பேப்பர் சுத்தி வெச்சிருந்தேனே. பாக்கெட்டுல இங்க் கறை இருக்குமே. என் ராசிச் சட்டை!"

டீச்சர் நடுச் சதுரத்தைக் கையால் மூடினார். துணிகளை அடுக்கி வைக்க அந்த ஷெல்ஃபை நேற்றுத்தான் காலி செய்திருந்தார். காலர் நைந்து, பாக்கெட்டில் கறையோடு கிடந்த சட்டையைப் பார்த்து, கணவர் தூக்கிப் போட மறந்துவிட்டார் போல என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தார். முதுகு நடுவுக்குப் போனது, கைகள் ஓரப்பட்டைக்குப் போயின. காலரும் பாக்கெட்டும் பட்டன்களும் காலையில்தான் குப்பை வண்டியில் ஏறின.

டீச்சர் பள்ளியில் கணக்கு நடத்துபவர். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை மேல் அவருக்கு இந்த விடுமுறையில் பைத்தியம் பிடித்திருந்தது. எதுவுமே கணக்குப்படி நடக்காத அந்த வீட்டில், மூலைக்கு மூலை பொருந்திய ஒரே பொருள் அதுதான்.

ஆனால் தையல் மெஷினுக்கு ஓர் இடம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் வைத்தபோது கணவரின் தட்டில் நூல் வந்தது. படுக்கையறைக்கு மாற்றியபோது அவர் குண்டூசி மேல் உட்கார்ந்தார். பால்கனிக்குக் கொண்டுபோனதும் மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் மாமியார்தான், "என் ரூம்ல ஜன்னல் பக்கமா போட்டுக்கோ. சத்தம் எனக்குப் பழக்கம்தான்" என்று இடம் கொடுத்தார்.

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் ரகசியமெல்லாம் காதில் விழுந்தும் ஒன்றைக்கூட வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்ப்பதே முழுநேர வேலை. எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்று டீச்சருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இடம் கிடைத்த அன்றே கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனி இந்த மெஷினால வீட்டுல ஒரு பொருள் கெட்டுச்சு, மறுநாளே மெஷின் என் அக்கா வீட்டுக்குப் போயிடும். ஆமா." அக்காவும் அதற்காகத் தன் வீட்டில் ஒரு மூலையைப் பெருக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆபீசில் கணவருக்குச் 'சகுனம்' என்று பெயர். வலது காலை முன்னால் வைத்துத்தான் லிஃப்டில் ஏறுவார். யாராவது தும்மினால் கையெழுத்துப் போட மாட்டார். திங்கட்கிழமை அவருக்குப் பதவி உயர்வுக்கான இன்டர்வியூ. இரண்டு முறை கைநழுவிப்போன பதவி அது. இரண்டு முறையும் ராசிச் சட்டையைப் போடாமல் போனதுதான் காரணம் என்பது அவருடைய முடிவு.

இதெல்லாம் ஒரு நொடியில் டீச்சரின் மனதில் ஓடியது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது... துவைக்கப் போட்டிருக்கேன்."

"துவைக்கவா?" சகுனம் அலறிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "அந்தக் கறையிலதான் ராசியே இருக்கு! இந்த வேலை கிடைச்ச முதல் இன்டர்வியூ அன்னைக்கு நானே அறியாம பேனா கசிஞ்ச கறை அது!"

"கறை போகலங்க. சத்தியமா போகல."

குப்பை வண்டியில் பத்திரமாகத்தான் போயிருக்கிறது என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டார். சகுனம் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்.

"கடைக்குப் போய் நூல் வாங்கிட்டு வந்துடறேன் அத்தை" என்று டீச்சர் கிளம்பினார்.

"போயிட்டு வா" என்றார் மாமியார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மிச்சமிருந்த ஒரு சதுரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டீச்சர் ஏறாத துணிக்கடை இல்லை. ஒன்றில் கட்டம் பெரியது, இன்னொன்றில் நீலம் கறுத்திருந்தது. கால் வலித்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஒரு கூட்டம் பையன்கள் வந்து நின்றார்கள். எல்லாருமே ராசிச் சட்டை போட்டிருந்தார்கள்.

யூனிஃபார்ம் கடையில் சதுரத்தை வைத்துப் பார்த்தால், அச்சு அசலாக அதே கட்டம். டீச்சருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

"இந்த ஸ்கூல் யூனிஃபார்ம் எத்தனையோ வருஷமா மாறவே இல்லைங்க" என்ற கடைக்காரர், "பையன் எந்த கிளாஸ்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பெரிய கிளாஸ்" என்று டீச்சர் மென்று விழுங்கினார். இருப்பதிலேயே பெரிய சைஸைப் பார்த்து வாங்கினார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் பாக்கெட்டில் பள்ளி முத்திரை. திறந்த புத்தகமும் அதன் மேல் ஒரு விளக்கும். பிளேடால் நூல் நூலாகப் பிரித்தார். முத்திரை போனது, ஆனால் அது இருந்த இடம் ஊசித் துளைகளாகப் பல்லிளித்தது. நல்லவேளை, இங்க் கறை இருக்க வேண்டிய இடமும் அதுதான். ஒரு பாட்டில் மையைக் கவிழ்த்தார்.

கறை கச்சிதமாக அமைந்தது. சட்டைதான் பளபளவென்று சிரித்தது. நிறத்தை மங்கவைக்க, பாக்கெட்டை விட்டு மற்றதை ப்ளீச்சிங் பவுடரில் முக்கியதும் தோளில் வெள்ளைத் திட்டு விழுந்தது. திட்டை மறைக்கக் கொதிக்கும் டீத்தண்ணீரில் போட்டார். திட்டு மறைந்தது, வீடே டீக்கடையாக மணத்தது.

"டீயா போடுற?" உள்ளேயிருந்து மாமியாரின் குரல்.

"ஆமா அத்தை."

"எனக்கும் ஒரு டம்ளர்."

இருந்த டீத்தூள் மொத்தமும் சட்டைக்குள் இருந்தது. டீச்சர் வெறும் பாலைச் சுடவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமியார் டம்ளருக்குள் பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

"டீ வாசனை லேசுல போகாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அலசினா போயிடும். டம்ளரைச் சொன்னேன்."

டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தலையாட்டிவிட்டு நகர்ந்தவரை மாமியார் மறுபடி நிறுத்தினார்.

"அவன் ராசிச் சட்டையில மூணாவது பட்டன் மட்டும் கறுப்பு. கவனிச்சிருக்கியா?"

"கவனிச்சிருக்கேன் அத்தை."

கவனித்திருக்கவில்லை. தெரிந்துகொண்டே நூல் விட்டுப் பார்க்கிறார், மகனிடம் சொல்ல நேரம் பார்க்கிறார் என்று டீச்சருக்குத் தோன்றியது. எலுமிச்சம்பழம் பிழிந்து சட்டையை அலசினார். தன் பழைய கோட்டிலிருந்து ஒரு கறுப்புப் பட்டனைப் பிய்த்து மூன்றாவதாக வைத்துத் தைத்தார்.

திங்கட்கிழமை காலை சகுனம் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"கழுத்து இறுக்குதே."

"நீங்க ஒரு சுத்து பெருத்துட்டீங்க."

"எலுமிச்சம்பழ வாசனை வருதே."

"புது சோப்பு."

அவர் பாக்கெட்டில் இருந்த கறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்ததும் டீச்சரின் நினைப்பு மாறியது. மெஷின் போனால் போகிறது. இந்த மனுஷனுக்கு மூன்றாவது முறையும் வேலை கைநழுவிப் போனால், அது தன் கத்தரிக்கோல் செய்த பாவம். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் போர்வையின் கடைசி ஓரத்தைத் தைத்து முடித்து மாமியாரின் மடியில் போட்டார்.

மாலையில் சகுனம் இடது காலை முன்னால் வைத்து ஓடிவந்தார். அதை அவரே கவனிக்கவில்லை.

"கிடைச்சுடுச்சும்மா! எல்லாம் சட்டை பண்ணின வேலை! உள்ள போனதும் பெரிய அதிகாரி என்னையே உத்துப் பார்க்கறார். 'உங்களைப் பார்த்தா எங்க வீட்டுப் பையன் மாதிரியே இருக்கு, ஏன்னே தெரியல'ங்கறார். அவர் பையன் ப்ளஸ் டூ படிக்கிறானாம். அப்புறம் கேள்வியே கேக்கல!"

டீச்சர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். சகுனம் அம்மாவிடம் ஆசி வாங்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். கண் போர்வையின் நடுச் சதுரத்தில் இருந்தது.

"இது என் சட்டைத் துணி மாதிரியே இல்ல?"

டீச்சர் தரையில் கிடந்த நூலைப் பொறுக்கக் குனிந்தார்.

"ஏன், உனக்கு மட்டும்தான் அந்தத் துணியை நெய்தாங்களா?" என்றார் மாமியார். "போ, போய் முகத்தைக் கழுவு."

அவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளியலறைக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் டீச்சர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

"அத்தை, அது அவரோட சட்டைதான். தெரியாம வெட்டிட்டேன். இன்னைக்கு அவர் போட்டுட்டுப் போனது ஸ்கூல் யூனிஃபார்ம். நீங்களே சொல்லிடுங்க. மெஷினையும் அனுப்பிடுங்க."

மாமியார் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தார்.

"அழாதே, ஒவ்வொரு தடவை அது நைஞ்சப்பவும் அவனுக்குத் தெரியாம மாத்த நானும் அந்த யூனிஃபார்ம் கடையிலதான் வாங்கினேன், அந்த முத்திரையை மறைக்கத்தானே அவனோட முதல் இன்டர்வியூ அன்னைக்கே பாக்கெட்டுல இங்க்கை ஊத்தினேன்!"