சத்தம் வராத மவுஸும் அதற்கு ஒரு கொசுறும்

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது எதிர்வீட்டு ரெஹானா. போன ரமலானில், நோன்புக் கஞ்சிக்கு நாங்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். நோன்பு நேரத்தில் புறம் பேசாதே என்று தடுத்தேன். "புறம் இல்லக்கா, என் வீட்டுக்காரரப் பத்தித்தான்" என்றாள். அது எப்படிப் புறம் இல்லாமல் போகும் என்று நான் யோசிப்பதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது.

அவள் வீட்டுக்காரர் கலீல் ரஹ்மானுக்கு உத்தமபாளையத்தில் ஏலக்காய்க் கடை. வாரம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைப்பு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டதும் மறுபடி உட்காருவார், சோபாவில். மகள் நிலோபர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப்பை டிவியில் மாட்டிப் படம் பார்ப்பார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒரே இடத்தில் உட்காராதீர்கள், அடிக்கடி எழுந்து நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதே சர்க்கரையில்தான் அவரைப் பெற்ற அத்தாவுக்குக் கால் போனது. ரெஹானா ஒவ்வொரு தொழுகையிலும் இவர் காலுக்காகத் துஆ கேட்கிறவள்.

துஆவோடு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். எழுந்தவர்தான் வேலை செய்ய வேண்டும். டிவி சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அவர் லேப்டாப் பக்கம் போனால் போதும், அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும்.

"எந்திரிச்சதே எந்திரிச்சீக, அப்படியே மோட்டாரப் போட்டுட்டு வாங்க."

ஒரு படம் முடிவதற்குள் மோட்டார் போட்டு, தேங்காய் உடைத்து, மாவு மில்லுக்கும் போய்வந்திருப்பார். வில்லன் செத்தானா இல்லையா என்று அவருக்குத் தெரிந்ததே கிடையாது.

ஒருநாள் சபதம் போட்டார். "இனிமே படம் முடியுற வரைக்கும் என் கால் தரையில படாது. வயர் இல்லாத மவுஸ் வாங்கப் போறேன். உட்காந்த எடத்துல எல்லாம் நடக்கும்."

"நீங்க மட்டும் நடக்க மாட்டீக" என்றாள் ரெஹானா.

பழனிசெட்டிபட்டியில் லிங்கேஸ்வரனின் கம்ப்யூட்டர் கடைதான் மலிவு என்று கேள்விப்பட்டு அங்கே போனார். இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கேட்டாலும், மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்தாராம். மினுக் மினுக்கென்று விளக்கு எரிவது வேண்டாம், மினிபஸ் மாதிரி இருக்கிறது. குட்டியாக இருப்பது வேண்டாம், சோபா இடுக்கில் விழுந்துவிடும். முக்கியமாக, அமுக்கினால் சத்தம் வரக்கூடாது. டிவி பாட்டுக்கு ஓடும், டிக்கென்று கேட்டால்தான் நான் தூங்கவில்லை என்று வீட்டுக்காரி கண்டுபிடிப்பாள் என்று காரணமும் சொன்னார். சுவர் தாண்டியும் எட்ட வேண்டும், வாங்குவதை நல்லதாக வாங்க வேண்டும் அல்லவா. மவுஸைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து, பக்கத்துக் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அமுக்கினார். இங்கே கம்ப்யூட்டரில் பாட்டு நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

காசைக் கொடுத்தார். நகரவில்லை. எந்தக் கடையிலும் கொசுறு வாங்காமல் படி இறங்கிய மனிதர் இல்லை அவர். காய்க்குக் கருவேப்பிலை, மீனுக்கு ஒரு கை பொடிமீன்.

"பாய், மவுஸுக்குக் கொசுறு எங்கனயாச்சும் உண்டா?" என்றார் லிங்கேஸ்வரன்.

"நீங்க மனசு வச்சா உண்டு."

கடையை அடைக்கிற நேரம் வரை அவர் அசையவில்லை. கடைசியில் லிங்கேஸ்வரன், அதே மாதிரி மவுஸ் ஒன்று, டப்பா கிழிந்து முதுகில் கீறலோடு விலைபோகாமல் கிடந்ததை எடுத்துப் பையில் போட்டு அனுப்பிவைத்தார்.

கொசுறு என்ன வந்தாலும் ரெஹானாவுக்கு. இது அவர் வைத்த சட்டம். கருவேப்பிலையைக் கொடுப்பது போலவே அதையும் கொடுத்தார்.

"இத வச்சு நான் என்னத்தத் தாளிக்க?"

"சும்மா கெடச்சது. வச்சுக்க."

அவள் கோயம்புத்தூரில் இருக்கும் நிலோபருக்குப் போன் போட்டாள். மவுஸோடு நகம் அளவு ஒரு குச்சி இருக்கும், அதை லேப்டாப்பின் இன்னொரு பக்க ஓட்டையில் சொருகினால் இதுவும் வேலை செய்யும், இரண்டும் சேர்ந்தே செய்யும் என்றாள் மகள். ரெஹானா பிஸ்மி சொல்லி, சுவரைப் பார்த்த பக்கமாகச் சொருகிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கலீல் ரஹ்மான் காலை நீட்டிச் சாய்ந்தார். வில்லன் கத்தியை ஓங்குகிற இடத்தில் படம் நின்றது. அமுக்கினார், ஓடியது. நின்றது. அமுக்கினார், ஓடியது. நின்றது. அடுப்பங்கரையில் ஒரு கை குழம்பைக் கிண்ட, இன்னொரு கை அமுக்கியது. சத்தமும் வரவில்லை, சுவரும் தடுக்கவில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியது.

அவர் எழுந்து லேப்டாப்பிடம் போனார்.

"எந்திரிச்சதே எந்திரிச்சீக, மாடியில துணி காஞ்சிருக்கும்."

மாடி ஏறி இறங்கி வந்தால் படம் ஒழுங்காக ஓடும். உட்கார்ந்து சூடு ஏறியதும் நிற்கும். மவுஸைத் தூக்கிக்கொண்டு லிங்கேஸ்வரன் கடைக்குப் போனார். அங்கே அது குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டது. "மவுஸுல குத்தமில்ல பாய், வீட்டுலதான் என்னமோ இருக்கு" என்றார் லிங்கேஸ்வரன். பயந்துபோய் இவர் அந்த வாரம், கெட்டது அண்டாமலிருக்க ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதி லேப்டாப்பின் மேல் ஊதினார். அன்று மட்டும் படம் நிற்கவே இல்லை. ஓதியதற்கு மரியாதை கொடுத்தேன் அக்கா என்றாள் ரெஹானா.

இப்படியே நாலைந்து மாதம் போன பிறகு சர்க்கரை பார்க்கப் போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாகக் குறைந்திருக்கிறதே, நடக்கிறீர்களா என்று கேட்டார்.

"எங்க சார் நடக்க. மவுஸ் சரியில்ல" என்றார் இவர்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எதையும் மாற்ற வேண்டாம், இப்படியே இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரெஹானா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் கலீல் ரஹ்மான் சோபாவில் சாய்ந்து சொன்னார்: "பாத்தியா, உட்காந்துக்கிட்டே சர்க்கரையக் கொறச்சுட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குள் போனாள். படம் நின்றது.

நீங்கள் எங்கள் தெருப்பக்கம் வந்தால் அவர் கட்டாயம் உள்ளே கூப்பிடுவார். போய் உட்காருங்கள், படம் பாருங்கள். நடுவில் நின்றால் மட்டும், தயவுசெய்து அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள்.