ஒருமனதாக ஒரு திட்டம்

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கணினிப் பிரிவு மேலாளர் மறுபடியும் கேட்டார்.

மெத்தைத் தொழிற்சாலையின் மூன்று துறைத் தலைவர்களும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி கைப்பேசியைப் பார்த்தார்.

கம்பெனியின் கணினிகளுக்கு ஐந்தாண்டுத் திட்டம் வேண்டும். எல்லாத் துறையும் சம்மதித்த திட்டம். அது இன்று முடிந்தால்தான் மேலாளருக்கு வேலை நிரந்தரம். நிர்வாகப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். மேலிடத்து ஆதரவு இருந்தால் பாதி வெற்றி என்று படித்துத்தான் முதலாளியைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"ஐயா, நீங்க இருந்தா இவங்க பேசத் தயங்குறாங்க. கொஞ்சம் உங்க ரூம்ல..."

"என் ஆதரவு எப்பவும் உண்டு," என்று முதலாளி சந்தோஷமாகக் கிளம்பினார்.

கதவு சாத்தியதுதான் தாமதம்.

"கிடங்குல எத்தனை மெத்தை இருக்குன்னு என் கம்ப்யூட்டர்ல தெரியணும்," என்றார் விற்பனைத் தலைவர்.

"தெரிஞ்சா? இல்லாத மெத்தையை விக்கிறதை நிறுத்திடுவியா?"

கேட்டவர் கிடங்குத் தலைவர், முதலாளியின் மச்சான். சரக்கு விவரம் தன் தலைக்குள் இருக்கும்வரைதான் தன் தலைக்கு மதிப்பு என்று தெரிந்தவர்.

"நீங்க ரெண்டு பேர் சொல்றதும் என் கணக்கோட ஒத்து வராது. எனக்குத் தனி சாஃப்ட்வேர் வேணும். பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான்," என்றார் கணக்குத் துறை அம்மா.

மச்சானைக் கூட்டத்துக்குத் தலைவராக்கினால் அடங்குவார் என்று மேலாளர் நினைத்தார். தலைவரானதும் மச்சான் முதல் வேலையாகக் கிடங்குக்கு ஏசி கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குத்தான்யா. சூடாகாது?"

"உன் கிடங்குல கம்ப்யூட்டரே இல்லையே!" என்றார் விற்பனைத் தலைவர்.

"அப்ப அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

விற்பனைத் தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்து மேலாளரின் மனைவி போனில் வந்தாள்.

"என்னங்க, நிரந்தரம் ஆச்சா? அக்கா வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்."

"ஆகப்போகுது. வை."

மேலாளருக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் நினைவுக்கு வந்தது. திட்டம் கணினிக்காரனுடையதாக இருக்கக் கூடாது. அதோடு வாழப்போகிறவர்களே அதைப் போட வேண்டும்.

"நான் வெளியில நிக்கிறேன். எது வேணும், எது வேண்டாம், எல்லாம் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. என்ன சொன்னாலும் அதுதான் திட்டம். குறுக்கே வரமாட்டேன்."

வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். முதலில் கூச்சல். பிறகு, நம்பவே முடியவில்லை, சிரிப்பு. முதலாளியை உள்ளே கூப்பிட்டார்கள். வரவேற்பாளர் பெண் டீ கொண்டுபோனாள். கைதட்டல் கேட்டது.

முதலாளி வெளியே வந்து மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவங்க மூணு பேரும் இதுவரைக்கும் எதுலயும் ஒத்துப்போனதே இல்ல. சாதிச்சுட்டீங்க!"

பின்னால் வந்த மச்சான் தோளில் தட்டிக்கொடுத்தார். கணக்கு அம்மா புன்னகைகூடச் செய்தார். மேலாளர் உடனே மனைவியை அழைத்தார்.

"ஒருமனதா முடிவாயிடுச்சு! உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லு!"

காலி டம்ளர்களோடு வந்த வரவேற்பாளர் பெண் அவர் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள்.

"சார், உங்க ரூம் சாவியை வாங்கிக்கச் சொன்னாங்க; கணினிப் பிரிவையே மூடிடலாங்கிற ஒண்ணுலதான் மூணு பேரும் ஒத்துப்போனாங்க."