லா ஷப்பல் மனச்சோர்வுச் சரிபார்ப்புக் குழு

நெருப்பு, சக்கரம், பாரிஸ் மெத்ரோ ஆகியவற்றுக்குப் பிறகு மனிதகுலம் கண்ட மாபெரும் முன்னேற்றம் அந்நகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், பொன்னம்பலத்தின் புடவைக்கடை மாடியில் நிகழ்ந்தது.

பதின்வயதுப் பிள்ளைகளின் மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விப் பிரெஞ்சுப் படிவம் ஒன்று தமிழாகியிருந்தது. புள்ளி கூடினால் சோர்வும் கூடுதல். தமிழில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நாற்பது பிள்ளைகளிடம் பரிசோதிக்கும் பொறுப்பை, உளவியலாளர் ஷார்லோத் நம்மவர்களை நம்பி ஒப்படைத்தார். உடனே குழு பிறந்தது. தலைவர் பொன்னம்பலம். செயலாளர் புதுச்சேரி இம்மாகுலேற். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர்.

பாரிஸில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. ஆகவே பெற்றோர் அருகில் இருந்து வாசித்து, பதிலையும் குறித்து 'உதவுவது' என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

தலைவர் முன்மாதிரியாகத் தன் பதினைந்து வயது மகள் சுபாங்கியை அருகில் இருத்தினார்.

"'ஒன்றிலும் விருப்பமில்லாமல் இருந்ததா?' சொல்லு பிள்ளை."

"ப்ரெஸ்க் து லெ ஷூர்," என்றாள். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்று பொருள்.

முதலில் சொன்ன விலைக்கு வாழ்நாளில் எதையும் ஒத்துக்கொள்ளாத மனிதர் பேனாவை நிறுத்தினார். "ஒவ்வொரு நாளுமோ? போன சனிக்கிழமை கலியாணவீட்டிலை ரெண்டு தரம் ஐஸ்கிறீம் எடுத்தனீ."

"சரி. பாதி நாளுக்கு மேலை."

"சில நாள் எண்டு போடுவம்."

"அப்பா..."

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். சில நாள்."

நித்திரை வராததும் 'சில நாள்' ஆயிற்று. தன்னை உதவாக்கரை என்று நினைத்தது, கடுமையான பேச்சுவார்த்தைக்குப் பின், 'ஒருநாளும் இல்லை'. கடைசிக் கேள்விக்கு அவள் விலையே சொல்லவில்லை, தோளைக் குலுக்கினாள். தலைவர் அதை விலைக்கழிவாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த மேசையில் சிவாஜினி இன்னும் கெட்டிக்காரி. "இஞ்சை பாருங்கோ அண்ணை, என்ரை ஸ்ரீபனுக்கு முழுக்கப் பூச்சியம்."

"எங்கடை ஆளுக்கு மூண்டு வந்திட்டுது," என்று கூசினார் பொன்னம்பலம்.

"ஒரு டியூஷனுக்கு விட்டுப் பாருங்கோவன்."

ஆக, நாற்பது தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவருக்கும் கவலையில்லை என்று ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. ஷார்லோத்துக்கு மட்டும் ஏனோ மகிழ்ச்சி வரவில்லை. இரண்டு கிழமை கழித்து அதே படிவத்தோடு வந்தார். கேள்விகளைத் தமிழில் ஒலிப்பதிவு செய்து, ஹெட்போனில் பிள்ளைகளின் காதில் மாட்டினார்; பெற்றோரைப் படிக்கட்டில் இருத்தினார். இந்தமுறை பதினொரு பிள்ளைகளின் புள்ளி கிடுகிடுவென ஏறியது.

குழு அவசரமாகக் கூடியது.

"பிள்ளைங்க மேல தப்பில்லைங்க தலைவரே," என்றார் இம்மாகுலேற். "அப்பா அம்மா இல்லாத ரூம்ல தமிழ் சரியா வேலை செய்யல. அவ்வளவுதான்."

இந்த அரிய கண்டுபிடிப்பு, "பெற்றோர் முன்னிலையில் மட்டும் படிவம் நம்பகமானது" என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. தலைவர் கையெழுத்திடப் போன வேளையில் ஷார்லோத் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்தார்.

அங்கே சுபாங்கி இருந்தாள். அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, ஷார்லோத் அவளுடைய இரண்டாவது தாளை மேசையில் விரித்தார். ஒன்பதில் ஏழு, 'கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்'. கிழமைக்கு ஒருதரம் தன்னிடம் வரட்டும் என்றார்.

'மாதத்துக்கு ஒருக்கா' என்று தொடங்கப் பொன்னம்பலத்தின் வாய் பழக்கத்தில் திறந்தது. தாளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஓம், அனுப்புறன்," என்றார் பிறகு. மகள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு இருந்திருக்கு. ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னனான் அப்பா," என்றாள் சுபாங்கி. "நீங்கள்தான் குறைச்சுப்போட்டியள்."