டடாவின் இங்கிலீஷ் சட்டம்

செலீனுக்கு ஒரு வயது முடிந்த அன்று, கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைக்காமலே என் வீட்டுக்காரர் கொன்ஸ்ரன்ரைன் சட்டம் போட்டார்.

“இண்டையிலயிருந்து பிள்ளையோட இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ் ஒரு சொல்லும் கூடாது.”

மனுசன் துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் பேனை பிடிக்கிற கிளாக்கர். பெரிய துரைமாரின் பிள்ளைகள் இங்கிலீஷில் அழுவதை எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் மன்னார்ப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என்னிடம் இருந்த இங்கிலீஷ் கம், கோ, நோ. இதை வைத்து ஒரு நாய் வளர்க்கலாம். பிள்ளை வளர்க்க ஏலாது.

“அப்ப நான் என்ர பிள்ளையோட வாயே திறக்கக்கூடாதோ?”

“பழகும், பேர்ணடெற். நீரும் பழகுவீர்.”

“நான் பழகி முடிய அவளுக்குக் கலியாண வயது வந்திடும்.”

கண் கலங்கத்தான் பார்த்தது. ஆனால் அழுதால் சட்டம் இன்னும் இறுகும். எனக்கு அவரைத் தெரியாதா?

“சரி, ஒண்டு செய்வம். இங்கிலீஷ் முழுக்க உங்கட பொறுப்பு. ஆனா நீங்கள் தவறியும் அவளோட தமிழ் கதைக்கக்கூடாது. நீங்களே மாறினால் பிள்ளை குழம்பிப் போகும்.”

“நானோ? தவறுறதோ?”

அந்தோனியார் படத்துக்கு முன்னால் கையடித்துத் தந்தார். விடியப் போனால் பொழுதுபட வருகிற மனுசன். பகல் முழுக்க யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பகலெல்லாம் எங்களுக்குத் திருவிழா. குழாயடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் கதை, தகரத்தில் கருவாடு காயப்போடும்போதும் கதை. “காகம் வருது குஞ்சு, கலையுங்கோ, கலையுங்கோ!” அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் காகம்தான் வந்தது. பிறகு கோழியும் காகம், விரித்த கறுப்புக் குடையும் காகம். நான் திருத்தப் போகவில்லை. கொஞ்ச நாளில் குடை தானாகக் குடையானது. பசிக்கு ஒரு சொல், தண்ணிக்கு ஒரு சொல், கோபத்துக்கு நாலு சொல் என்று தேவைக்குத் தேவை எடுத்துக்கொண்டாள்.

பொழுதுபட்டால் வகுப்பு. அவரின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் எங்கள் தமிழ் குசினிக்குள் ஒதுங்கிவிடும். கலண்டர்ப் படத்தைக் காட்டி, “திஸ் இஸ் எ ஷிப்” என்பார் அவளுடைய டடா. இரண்டரை வயதில் அவருக்கென்று அவளிடம் “குட் ஈவினிங்”, “தாங்க் யூ”, “ப்ளீஸ் சிற் டவுன்” இருந்தன. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கந்தோர். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்து சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது.

ஒருநாள் அவர் வேலையால் வரும்போது பக்கத்து வீட்டு ஜவாஹிறா மதிலால் எட்டிப் பிடித்தாள்.

“கொன்ஸ்ரன்ரைன் அண்ணே, உங்கட புள்ள இண்டைக்கு ஒரு கதை சொன்னாவே! காகம் கருவாட்டத் தூக்கிட்டுப் போச்சாம். இவ தும்புத்தடியோட தொரத்தினாவாம். காகம் பயத்துல கருவாட்டப் போட்டது வெயில்ல கெடந்த உங்கட தலையணையிலயாம்!”

“என்ர மகளோ? அவள் இன்னும் நாலு சொல்லுக்கு மேல கதைக்கத் தொடங்கேல்லையே!”

“அல்லாவே! அவட வாய மூட ஏலாம நாங்க கெடக்கிறோம்!”

முகம் கறுத்துப்போய் உள்ளே வந்தார்.

“செலீன், வட் ஹப்பின்ட் ரு த குறோ?”

“ப்ளீஸ் சிற் டவுன்,” என்று கதிரையைத் தள்ளிவிட்டாள் மகள். இருந்தார். அதற்குமேல் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, “அம்மா, டடாவின்ர சப்பாத்து முழுக்கச் சேறு. இப்பதான் நாங்கள் கூட்டினனாங்கள்!” என்றாள்.

“பேர்ணடெற், இவள் உம்மோட என்னெல்லாம் கதைக்கிறாள்?”

“எல்லாம்.”

“ஜவாஹிறாவோட?”

“எல்லாம்.”

“என்னோட மட்டும் ஏன் இப்பிடி?”

“பிள்ளை ஆளுக்கொரு பாசை பிரிச்சு வைச்சிருக்கிறாள். உங்களுக்கு நீங்கள் குடுத்தது.”

மனுசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தலையணையை மோந்து பார்த்துவிட்டு, எழும்பிக் குசினி வாசலுக்கு வந்தார்.

“சட்டத்தை எடுத்துப்போடுவம்.”

“அந்தோனியாருக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?”

“அவரோட நான் கதைக்கிறன்.”

“எந்தப் பாசையில?”

குசினிக்குள் வந்து, என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகளுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். கந்தோர்க் காற்சட்டையோடு.

“குஞ்சு, டடாவுக்கும் அந்தக் காகக் கதையைச் சொல்லுங்கோவன்.”

செலீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். பிறகு, கோயில் சந்தாவுக்கு வருகிறவர்களிடம் அவர் வாசலில் நின்று சொல்லுகிற அதே குரலில், சுத்தத் தமிழில் சொன்னாள்:

“இண்டைக்கு ஏலாது. நாளைக்கு வந்து பாருங்கோ.”