தீர்த்தகிரி ஒற்றைக் காலில் நின்றார்

ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, தீர்த்தகிரி ஒரு காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினார். உடனே இறக்கிவிட்டார்.

"தூக்கிட்டனுங்க."

"அது தூக்குனதுல சேராதுங்கண்ணா," என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஜெபமலர். "கம்பிய உட்டுட்டு நிக்கோணும்."

நாமக்கல்லில் ஏழெட்டு லாரிக்கு முதலாளி. சங்கக் கூட்டத்தில் மைக் கிடைத்தால், பிரேக் பிடிக்காத வண்டியை மலையிறக்கிய கதையை மைக் சூடாகும்வரை சொல்வார். அப்பேர்ப்பட்டவருக்கு, கணுக்காலுக்குள் தைத்திருக்கும் தசைநாரை நினைத்தாலே கம்பியை விட மனம் வரவில்லை. அது மறுபடி அறுந்தால் மறுபடியும் சேலம் ஆஸ்பத்திரி, அதே பச்சைத் துணி, அதே ஊசி.

"கீழ உளுந்தா?"

"உளுகாம இருக்கத்தான் இந்தப் பயிற்சியே."

பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. மூலையில் கிடந்த லோடு கயிற்றை இடுப்பில் சுற்றி ஜன்னலோடு இறுக்கி முடிச்சுப் போட்டார். இப்போது பயத்தோடு மூச்சும் முட்டியது.

அடுத்து, மெத்தென்று ஏதாவது ஒன்றின் மேல் நிற்க வேண்டும். ஜெபமலர் கொண்டுவந்த பஞ்சுத் திண்டு அவருக்கு நோஞ்சானாகத் தெரிந்தது. காற்றடித்த லாரி டியூபைப் போட்டு ஏறினார். அது அவரைவிட அதிகமாக நடுங்கியது.

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி பழனியம்மாள், "ஏனுங்க, எறங்கிருங்க. பார்க்கவே பயமா இருக்குது," என்றாள்.

"நீ சும்மா இரு புள்ள. டிரையல் பாக்காம எந்த வண்டிய நான் ரோட்டுல உட்டிருக்கறேன்? எலுமிச்சம்பழம் வெக்காததுதான் குத்தம்."

சாமி படத்தடியிலிருந்து பழம் வந்தது. புது வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல டியூப் மேல் வைத்து, கண்ணை மூடி, அம்மனை நினைத்து மிதித்தார்.

பழம் ஒருபக்கம் பிதுங்கியது. டியூப் மறுபக்கம் ஓடியது. கயிறு முதலாளியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டது.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று முனகினார்.

பழனியம்மாள் பாய்ந்து வந்து, ஒரு காலைக் கட்டில் விளிம்பில் முட்டுக்கொடுத்து, அவரைத் தோளில் தாங்கிக்கொண்டாள். ஜெபமலர் முடிச்சோடு மல்லுக்கட்டினாள். குஜராத் வரைக்கும் தார்ப்பாய் அசையாமல் போகும் முடிச்சு, லேசில் அவிழுமா? ஒருவழியாக அவிழ்ந்ததும் அவள் தரையில் ஊன்றியிருந்த ஒற்றைக் காலைப் பார்த்தாள். முதலாளியின் காலை அல்ல.

"அக்கா, உங்களுக்காக அவரு டிரையல் பாத்தது போதும், கீழ எறக்கி உட்டுருங்க. ஆப்பரேசன் பண்ணுன உங்க ஒத்தக்கால்லயே இத்தன நேரம் இவரத் தாங்கீட்டு நின்னுட்டீங்க, நாளைக்கு நான் வர வேண்டியதில்லீங்க."