ஹவானாவில் நான் பேசிய ஸ்பானிஷ்

ஒரு நாட்டை ஒருமுறை பார்த்து வந்தவனிடம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அவன் இரண்டாம் முறை போகும்போது பக்கத்திலேயே நிற்கக்கூடாது. 2012இல் அந்த ஆள் நான்.

கியூபா, அமெரிக்கா தன் மக்களைப் பல காலமாகப் போகவிடாமல் தடுத்து வைத்திருந்த தீவு. எங்கள் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்கு அந்தத் தடையே இல்லை. ஆனாலும் 2009இல் நண்பர்களோடு சுற்றுலா பஸ்ஸில் ஒரு வாரம் போய் வந்த நான், கடல் நீந்திப் புரட்சிக்குப் போனவன்போல எங்கள் ஊர் ஸ்ட்ராத்ஃபீல்டின் பிறந்தநாள் விழாக்களில் கதை அளந்துகொண்டிருந்தேன். (கேக் வெட்டவே விடவில்லை என்று ஒரு குற்றச்சாட்டும் உண்டு.) போதாக்குறைக்கு மாலை வகுப்பில் கொஞ்சம் ஸ்பானிஷும் படித்தேன். அந்த மண்டைக்கனத்தோடு, மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, மனைவி சுகந்தியைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் கிளம்பினேன்.

விமானம் மாறி மாறி ஹவானா போய்ச் சேர்ந்தபோது சுகந்தியால் நிற்கவே முடியவில்லை. நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரி மார்த்தா கதவைத் திறந்தார். படுக்க வேண்டும் என்று சைகை காட்டினாலே போதும் என்றாள் சுகந்தி. வகுப்பில் படித்தவன் சைகை காட்டுவதா? நெஞ்சை நிமிர்த்தி, நாங்கள் மிகவும் களைத்துவிட்டோம் என்று ஸ்பானிஷில் அறிவித்தேன்.

களைத்தவர்கள் என்பதற்கு 'கன்சாதோஸ்' என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது 'கசாதோஸ்'. அதாவது, நாங்கள் மிகவும் கல்யாணமானவர்கள்.

மார்த்தா சுகந்தியைக் கட்டிப்பிடித்தார். புதுமணத் தம்பதி வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார். ரம் வந்தது. கிட்டார் வந்தது. நான் பதறிப்போய் அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கைதட்டினார்கள். கடைசியில் என்னை இழுத்து ஆடவும் வைத்தார்கள். (இடுப்பு இன்னும் மன்னிக்கவில்லை.)

சுகந்தி பொறுத்துப் பார்த்தாள். பிறகு மார்த்தாவின் கையைப் பிடித்து, யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்டாள்: "குசினி எங்க?"

மார்த்தா உடனே சமையலறைக்குக் கூட்டிப்போனார். போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொல் அது; ஸ்பானிஷிலும் ஏறக்குறைய அதே சொல்தான். அங்கே சுகந்தி மேசையையும் காலணியையும் தொட்டுப் பெயர் சொல்லி, தேநீர் குடித்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் காட்டியிருக்கிறாள். மார்த்தா வெளியே வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

"குசினி, மேசை, சப்பாத்து எல்லாம் அவவுக்கு விளங்குது" என்றாள் சுகந்தி, படுக்கும்போது. "நாளையில இருந்து நான் கதைக்கிறன். நீங்கள் பைகளைத் தூக்குங்கோ."

தூக்கினேன், பயணம் முடியும்வரை.

இப்போதும் வேலை முடிந்து வந்து நான் சோபாவில் சாய்ந்தால், மகள் குசினிப் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பா இஸ் வெரி மேரிட் டுடே" என்கிறாள்.

"ஓம், பாவம்" என்பாள் சுகந்தி. "படுக்கட்டும்."